கொழுக்கட்டைப் புல் எங்கள் மண்ணுக்குப் பகையன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அயல் தாவரங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையில், "கொழுக்கட்டைப் புல்லை எங்கு கண்டாலும் வேரோடு பிடுங்கி அழிக்க வேண்டும்" என்றிருந்த வரி என்னை மிகவும் வருத்தியது. அந்தப் புல் அரிசோனாவிலும் ஆஸ்திரேலியாவிலும் விளைவித்த கேட்டை நான் மறுக்கவில்லை. தீவனத்துக்காகவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் கொண்டுபோய் விதைத்த புல், தீக்குப் பழகாத சகுவாரோ கள்ளிகளுக்கிடையே மண்டிக் காய்ந்து எரிகிறது. எரிந்த பின் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கிறது. தெற்கு ஆஸ்திரேலியா 2015இல் அதைக் களையென்றே அறிவித்தது. ஆனால் ஆப்பிரிக்காவைப் போல இந்தியாவும் அதன் தாயகம் என்பதைத் தாங்கள் அறியாமலிருக்க முடியாது. காங்கேயத்துக் கொரங்காடுகள் எனப்படும் வேலியடைத்த மேய்ச்சல் நிலங்களில், கிளுவை வேலிக்குள் வெள்வேல மரத்தடியில், மாடும் ஆடும் தலைமுறைகளாக மேய்ந்து வருவது இந்தப் புல்லைத்தான்.

நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்கு அருகே மானாவாரி நிலமும் கறவை மாடுகளும் வைத்திருப்பவன். கேரளம் என்றாலே மழையும் பசுமையும் என்று தங்கள் இதழ் எழுதும்போதெல்லாம், மழை மறைவில் கிடக்கும் எங்கள் சித்தூர் வட்டத்துக் கிழக்குப் பகுதி விடுபட்டுப் போகிறது. 2016இல் கேரளத்தின் 14 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அடுத்து வந்த கோடையில் கிணறு வற்றி என் நேப்பியர் தீவனப் புல் பாத்தி கருகியது. வைக்கோல் விலை கட்டாமல் பலர் மாடுகளை விற்றார்கள். ஒரே ஒரு மழைக்குத் தழைத்து என் மாடுகளைக் காப்பாற்றியது காட்டோரத்துக் கொழுக்கட்டைப் புல்தான். இப்போது தங்கள் கட்டுரையைப் படித்த பக்கத்துத் தோட்டத்து இளைஞர் தம் மேய்ச்சல் நிலத்தை டிராக்டர் விட்டு உழுது போட்டுவிட்டார். அவரை நான் எப்படிக் குறை சொல்வது? அச்சில் வந்ததை அவர் நம்பினார்.

வரப்பெல்லாம் அயல் தீவன மரமான சவுண்டலை நடச் சொன்னதும் தங்கள் இதழே. அது விதை சிந்திப் புறம்போக்கெங்கும் முளைத்துக் கிடப்பதைப் பற்றி இன்றுவரை ஒரு வரி வந்ததில்லை. சென்ற இதழிலேயே கினியா என்ற தீவனப் புல்லுக்கு அரைப்பக்கம் பாராட்டும் இருந்தது. உண்மையில் இங்கு அயலான புல் அதுதான். அறுப்பாரில்லாத வாய்க்கால் கரைகளில் ஆளுயரம் வளர்ந்து, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் காய்ந்து, ஒரு பீடித் துண்டுக்குக் காத்து நிற்கிறது. 2023 ஆகஸ்டில் ஹவாயின் லஹைனா நகரை அழித்த தீ, கைவிடப்பட்ட நிலங்களில் மண்டியிருந்த கினியா முதலிய அயல் புற்களின் வழியே பரவியது. அதை வளர்க்கவே கூடாது என்பதல்ல என் கருத்து, நானும் வளர்க்கிறேன். கதிர் தள்ளுமுன் அறுக்க வேண்டும், வாய்க்கால் ஓரத்தில் நடக் கூடாது என்ற எச்சரிக்கையையாவது அந்த அரைப்பக்கத்தில் சேர்த்திருக்கலாம்.

கொழுக்கட்டைப் புல் நம் மேய்ச்சல் நிலங்களுக்கு உரியது, அதை அழிக்கத் தேவையில்லை என்று அடுத்த இதழில், கட்டுரை வந்த அதே பக்கத்தில், ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். மழைக்காலம் தொடங்குமுன் அது வந்தால், உழுதவர்கள் மீண்டும் விதைக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
கொழிஞ்சாம்பாறை