கூடுகைக்கு வரும்போது பழைய போராட்ட நோட்டீஸ்களையும் எடுத்து வாருங்கள்

வடசென்னைக் கல்லூரிகளின் முன்னாள் மாணவர் சங்கங்களுக்கு,

வணக்கம்.

பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரியோ, வியாசர்பாடி அம்பேத்கர் கலைக் கல்லூரியோ, பாரதி மகளிர் கல்லூரியோ, எந்தக் கூடுகையிலும் பேச்சு கடைசியில் அரசியலில்தான் வந்து நிற்கிறது. 1965 ஜனவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவில் இறங்கிய மாணவர்களுக்கு இன்று வயது எண்பதைத் தொட்டுவிட்டது. அவர்கள் பரணில் கிடக்கும் பிட் நோட்டீஸ்கள் வீடு மாற்றும்போது பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போகின்றன. அடுத்த கூடுகையில் ஒரு மேசை போட்டு அவற்றைச் சேகரியுங்கள்.

முதலில் குண்டூசியையும் ஸ்டேப்ளர் பின்னையும் கழற்றுங்கள். நம் பக்கக் கடற்காற்றில் அவை துருவேறித் தாளை அரித்துவிடும். கிழிசலில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் ஊறும். லேமினேஷன் கூடவே கூடாது. மலிவான மரக்கூழ்த் தாளில் இருக்கும் அமிலம் உள்ளேயே தங்கித் தாளைத் தின்னும், பிளாஸ்டிக்கையும் பிறகு பிரிக்க முடியாது. மடிப்பில்தான் தாள் முதலில் ஒடியும் என்பதால் விரித்தே வையுங்கள். குறிப்பைப் பின்பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். இருபுறமும் 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் எடுங்கள்.

காலம் கணிப்பதுதான் கஷ்டம். "வரும் வெள்ளி காலை 10 மணி" என்று இருக்கும், ஆண்டு இருக்காது. அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கிறதா பாருங்கள், அந்த அச்சகம் எப்போது இயங்கியது என்று விசாரிக்கலாம். 1867-ம் ஆண்டு அச்சகச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருந்தது. "சென்னை மாநிலம்" என்றிருந்தால் பெரும்பாலும் 1969 ஜனவரிப் பெயர்மாற்றத்துக்கு முந்தியது. முகவரியில் 600 021 என்று ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. வெறும் "சென்னை-21" எதையும் உறுதிப்படுத்தாது, இன்றும் அப்படி எழுதுகிறோமே!

லை, னை ஆகியவற்றில் யானைத் துதிக்கை போல வளைந்த பழைய வடிவம் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது என்று அவசரப்படாதீர்கள். புது ஈய எழுத்து வாங்காத அச்சகங்கள் அதற்குப் பிறகும் பழையதையே கோத்தன. மறுபக்கம், பெரியார் இயக்கம் 1935-லேயே சீர்திருத்த எழுத்துக்கு மாறிவிட்டது. ஆகவே ஒரே தடயத்தை நம்பாமல் இரண்டாவது பொருந்திய பிறகே ஆண்டைக் குறியுங்கள்.

நோட்டீஸைக் கையில் கொடுத்துவிட்டுப் பெரியவர்களைப் பேச வையுங்கள், ஒலிப்பதிவு செய்யுங்கள். வெறும் நினைவிலிருந்து பேசினால் 65 போராட்டமும் 67 தேர்தலும் ஒன்றாகக் கலந்துவிடும். வென்ற கட்சியின் தாளோடு நிறுத்தாமல், தோற்ற அணியினரையும் கூப்பிடுங்கள். அவர்கள் தாள்தான் முதலில் அழிகிறது.

2013 ஈழ ஆதரவுப் போராட்டத்துக்கும் 2017 மெரினாவுக்கும் போனில்தான் ஆதாரம். படங்களை வாட்ஸ்அப்பில் "டாக்குமெண்ட்" ஆக அனுப்பச் சொல்லுங்கள், சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்து சிறிய எழுத்து படிக்க வராது.

மூலத்தாள்களைக் கூடுகை முடிந்ததும் சங்க அறை பீரோவில் பூட்டாதீர்கள். கரையானும் இராமபாணப் பூச்சியும் அங்கேயும் வரும். கொடுத்தவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு, தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் ஏற்பார்களா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

அன்புடன்,
வடசென்னையில் பழைய துண்டறிக்கைகளைத் தொகுப்பவர்கள்