மேல்மாடி அறையிலும் இப்போது சிக்னல் இருக்கிறது

உ
சிவமயம்

கண்டனூர்,
ஐப்பசி 20

அன்பு மகள் வள்ளிக்கு அப்பச்சி எழுதுவது. இங்கே நானும் ஆத்தாளும் நலம். உன் நலத்துக்கும் மாப்பிள்ளை நலத்துக்கும் எழுது.

போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் ஆத்தா வாங்கிக்கொண்டு போய்விடுகிறாள். அதனால்தான் கடிதம். நான்கு ஞாயிறாக நீ முகம் காட்டாமல் குரலில் மட்டும் பேசுகிறாய். கேட்டால், "உங்க பக்கம் சிக்னல் சரியில்லை அப்பச்சி, படம் நின்னு நின்னு வருது" என்கிறாய். சரி, நம் வீட்டுச் சுவர் அப்படி. நான் மறுக்கவில்லை. அந்தக் குறை இனி இல்லை என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் பாஸ்போர்ட் எந்தத் தேதி வரை இருக்கிறது என்று ஒரு தடவை எடுத்துப் பார்த்து வை. கடைசி நேரத்தில் புதுப்பிக்க அலையக் கூடாது.

மோடத்தை முகப்பில் பெல்ஜியம் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டுப் போனார்கள், உனக்குத் தெரியும். முகப்பில் உட்கார்ந்தால் நன்றாக ஓடும். முற்றத்தைச் சுற்றின வளவுக்குள் வந்தால் பாதி. அதற்கும் பின்னால் இரண்டாங்கட்டில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அடுப்படியில் ஒன்றும் கிடையாது. நீ கூப்பிட்டால் ஆத்தா கையில் மாவோடு முகப்புக்கு ஓடிவர வேண்டும். அங்கே பங்காளி வீட்டு ஆட்கள் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். ஆறு புள்ளி, ஆறு குடும்பம், வந்து போகிற முகப்பில் நின்றுகொண்டு தாயும் மகளும் என்ன பேச முடியும்? நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், சாப்பிட்டியா, சாப்பிட்டேன். இத்தனை வருடம் அதைத்தான் பேசியிருக்கிறீர்கள். இது எனக்கு இவ்வளவு நாள் உறைக்கவில்லை.

முதலில் ரிப்பீட்டர் என்று ஒன்றை வாங்கி அடுப்படியில் செருகினேன். விளக்கு எரிந்தது, நெட் வரவில்லை. செத்த இடத்தில் வைத்தால் அது எதை வாங்கி எதைக் கொடுக்கும்? பாதி வழியில், சிக்னல் இன்னும் தெம்பாக இருக்கிற இடத்தில் வைக்க வேண்டும் என்பது அப்போது தெரியவில்லை.

அப்புறம்தான் இரண்டு வருடத்துக்கு முன் நீ அனுப்பிய குரல் பதிவைத் தேடி எடுத்தேன். வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்கிற அலை மெதுவானது, ஆனால் சுவரை ஓரளவு தாண்டும். 5 என்கிறது வேகமானது, சுவரைக் கண்டால் ஒடுங்கிவிடும் என்று நான்கு நிமிஷம் பொறுமையாகச் சொல்லியிருக்கிறாய். நான் அதை அழிக்கவே இல்லை. நடுவில் மாப்பிள்ளை ஏதோ கேட்கிறார், நீ சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறாய். அந்த இடத்தை மூன்று தடவை திருப்பிக் கேட்டேன்.

கேபிள் போட வந்த தம்பி, "ஐயாவுக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?" என்றான். என் மகள் என்றேன். மெல்பர்னில் கம்ப்யூட்டர் வேலை, அவளுக்குக் கீழே ஒன்பது பேர் என்றும் சொன்னேன். கேட்காததையும் சொல்லிவிட்டேன். இவ்வளவு தெரிந்த பிள்ளைக்கு வாரம் பத்து நிமிஷம் அப்பன் முகம் பார்க்க முடியவில்லை. என் அப்பச்சி, உன் ஐயா, பர்மாவில் மோல்மேனில் இருந்தபோது கடிதம் கப்பலேறி வர வேண்டும். அப்பத்தா எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர்கள், ஒன்றுக்குக்கூடப் பதில் போடாமல் விட்டதில்லை. பெட்டகத்தில் கட்டுக் கட்டாக இருக்கிறது, நீயே பார்த்திருக்கிறாய்.

நிலைப்படியில் டேப் பிடித்து அளந்தேன். சுவர் 21 அங்குலம். செங்கல்லும் சுண்ணாம்பும் அத்தனை கனத்துக்கு இருந்தால் எந்த அலை தாண்டும்? போனில் சிக்னலை அளக்கிற ஒரு ஆப்பைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்து, ஐயாவின் பேரேட்டில் மிச்சம் கிடந்த தாளில் குறித்தேன். அது கழித்தல் கணக்கு, பூஜ்யத்துக்குக் கிட்டத்தில் இருந்தால் நல்லது. முகப்பில் கழித்தல் 38. வளவில் மேற்குப் பட்டாலைத் திண்ணையில் 61. இரண்டாங்கட்டு நடையில் 78. அடுப்படியில் 89. முகம் பார்த்துப் பேச 67க்குள் இருந்தால் நல்லது. பத்து இறங்கினால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம் என்று கணக்கு. பேரேட்டில் எழுதி வைத்துப் பார்த்தால்தான் எனக்கு எதுவும் புரிகிறது.

நடந்து பார்த்ததில் ஒன்று தெரிந்தது. வாசலில் நின்றால் கொல்லைக் கதவு வரை ஒரே நேராகத் தெரியும் அல்லவா, சிக்னலும் அந்த வழியாகத்தான் போகிறது. அதைவிட வளவு முற்றம் நல்ல வழி. மேலே வானம், நடுவில் சுவர் இல்லை. இந்தப் பட்டாலையில் வைத்தால் எதிர்ப் பட்டாலைக்குத் தடையில்லாமல் போய்ச் சேர்கிறது. கட்டினவர்கள் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் விட்ட இடம். கண்ணாடிக்குப் பக்கத்தில் மட்டும் எதையும் வைக்கக் கூடாது, அதன் முதுகில் பூசின ரசம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும்.

மெஷ் என்று மூன்று பெட்டி சேர்ந்தது, 11,000 ரூபாய் ஆயிற்று. நீ அனுப்பிய பணம் இல்லை, அது பாங்கில் அப்படியே கிடக்கிறது, வேண்டுமென்றால் எப்போதும் எடுத்துக்கொள்ளலாம். மூன்று பெட்டிக்கும் ஒரே பெயர். பேசிக்கொண்டே முகப்பிலிருந்து கொல்லை வரை நடந்தாலும் ஒன்று விட்டால் ஒன்று பிடித்துக்கொள்ளும். பழைய மோடத்தின் வைஃபையை அணைத்துவிட்டேன். வீட்டில் இரண்டு பெட்டி போனுக்கு விலாசம் கொடுத்தால் குழப்பம் வரும் என்பதால் புதுப் பெட்டியை ஆக்சஸ் பாயிண்ட் என்று மாற்றி வைத்தேன்.

ஆனாலும் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கே சுவரைத் தாண்ட வேண்டியிருந்தது. அதிலேயே பாதி வேகம் போய்விட்டது. அவற்றுக்கு நடுவே ஒயர் இழுத்தால்தான் தீரும். துளை போடப் பங்காளிகள் சம்மதிக்க மாட்டார்கள், அது இருக்கட்டும், முட்டை வெள்ளை சேர்த்து இழைத்த சுவரில் டிரில் வைக்க எனக்கே மனசு வரவில்லை.

இரண்டாங்கட்டு நிலைக்கு மேலே பீங்கான் குழாய் ஒன்று சுவருக்குள் போகும், முதன்முதலில் கரண்டு வந்தபோது ஒயர் போகப் பதித்தது. நீ ஐந்து வயதில் அதற்குள் குளவி வீடு கட்டியிருக்கிறது, எனக்குச் சத்தம் கேட்கிறது என்று ஏணி கேட்டு அழுதாய். அங்கே ஒன்றும் இல்லை, போய்ப் படு என்று அதட்டினேன். ஏணியில் ஏறித் தென்னை ஈர்க்கை விட்டுக் குத்தினால், குளவி கட்டின மண் பொலபொலவென்று என் சட்டையில் கொட்டுகிறது. முழுக் குழாயும் அடைத்துக்கிடந்தது. நீ சொன்னது சரி வள்ளி. முப்பது வருடம் கழித்து இதை எழுத வேண்டியிருக்கிறது.

குழாய் விரல் பருமன்தான், கேபிளின் முனையில் இருக்கிற தலை நுழையவில்லை. தலையை வெட்டிவிட்டு வெறும் ஒயரை விட்டு, அந்தப் பக்கம் போய்ப் புதுத் தலை மாட்டினேன். உள்ளே எட்டு இழை. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இந்த வரிசையில் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் நிறுத்தி, ஒரே மட்டமாக நறுக்கி, உள்ளே தள்ளி அழுத்த வேண்டும். லென்ஸ் வைத்துக்கொண்டுதான் செய்தேன். முதல் தடவை கடைசிப் பழுப்பு இழை முனை வரை போய்த் தொடவில்லை. நெட் வந்தது, ஆனால் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறவில்லை. நான்கு இழை இருந்தால் 100 ஓடிவிடும், எட்டும் தொட்டால்தான் 1000. 100 போதுமே ஐயா என்றான் அந்தத் தம்பி. வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி செய்தேன். மூன்றாவது தலையில் எட்டும் பிடித்தது. ஓடுகிறதே என்று விட்டுவிட்டால் எந்த இழை விட்டுப்போனது என்று வெளியே யாருக்குத் தெரியும்? பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாக இருக்கிற மாதிரிதான் தெரியும்.

உன் சின்னத்தாளின் பேத்திக்குக் காது குத்து நடந்தது. உன்னைக் கேட்டார்கள். வேலை என்றேன். மாப்பிள்ளையையும் கேட்டார்கள், அவருக்கும் வேலை என்றேன். வேறு செய்தி இல்லை.

இரண்டாவது பெட்டி இரண்டாங்கட்டில். அதிலேயே அடுப்படிக்குச் சிக்னல் வந்துவிட்டது, கழித்தல் 60. மூன்றாவதைக் கொல்லைப் பக்கம் வைப்பேன் என்று ஆத்தா நினைத்தாள். நான் படிக்கட்டு ஓரமாக ஒயரைக் கொண்டுபோய் மேல்மாடி கிழக்கு அறையில் வைத்திருக்கிறேன். அந்த அறையில் இப்போது யாரும் இல்லை என்பது உனக்குத் தெரியும். சன்னலுக்குப் பக்கத்தில் ஐயாவின் மேசையைப் போட்டாயிற்று. இரண்டு பிளக் பாயிண்ட் வைத்தாயிற்று. கரண்டு போனாலும் நெட் நிற்காமல் இருக்க மோடத்துக்கும் மூன்று பெட்டிக்கும் சின்ன யுபிஎஸ். இடி மின்னல் வந்தால் மட்டும் கழற்றிவிட வேண்டும். ஆபீஸ் மீட்டிங் என்றால் அனுப்புகிற வேகம்தான் முக்கியம் என்று அந்தக் குரல் பதிவில் சொல்லியிருக்கிறாய். அதையும் பார்த்தேன், 90 வருகிறது.

அங்கே காலை 9 மணி என்றால் இப்போது இங்கே விடியற்காலம் மூன்றரை. மாலை 5 மணி என்றால் பதினொன்றரை. அப்படியானால் வேலையை முடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆத்தாளோடு உட்காரலாம். சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இரவில் கதவைப் பூட்டிப் படு. பாஸ்போர்ட்டை மற்றதுகளோடு சேர்த்து வைக்காதே, உன் கைப்பையில் வை.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த இடம் வரை எழுதிவிட்டு இரண்டு நாள் தாளை மூடி வைத்துவிட்டேன்.

மாசி மாதம், சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, நீ கூப்பிட்டாய். இங்கே இரவு 9 மணி. அங்கே இரண்டரை என்று எடுக்கும்போதே மனசில் கணக்கு ஓடியது. "அப்பச்சி, நான் அங்க வந்து கொஞ்ச நாள் இருக்கட்டுமா?" என்றாய். குரல் சரியில்லை. நான் "என்னம்மா, கேட்கலையே, சிக்னல் இல்லை" என்றேன். நீ மறுபடி கேட்டாய். "கேட்கலை, காலையில் பேசுவோம்" என்று வைத்துவிட்டேன்.

நான் முகப்பில் நின்றுகொண்டிருந்தேன் வள்ளி. மோடத்துக்கு நேர் கீழே. இரண்டு தடவையும் ஒரு எழுத்துக்கூட விடாமல் கேட்டது.

பந்தல்காரனுக்குப் பணம் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பங்காளிகள் அத்தனை பேரும் சுற்றி இருந்தார்கள். கல்யாண நேரத்தில் மகள் தனியாக வந்து நின்றால் என்ன கேட்பார்கள், நான் என்ன சொல்வேன் என்று அதுதான் எனக்கு முதலில் வந்தது. நீ ஏன் அந்த நேரத்தில் விழித்திருக்கிறாய் என்பது அப்புறம்தான் வந்தது. காலையில் நானே கூப்பிட்டு மண்டபம், சமையல்காரர் என்று அரை மணி நேரம் பேசினேன். நீயும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் நீ சிக்னல் இல்லை என்று சொல்ல ஆரம்பித்தாய். நான் சொல்லிக்கொடுத்த வார்த்தை. ஆத்தாளிடம் இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

என்ன நடந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. உனக்குச் சொல்லத் தோன்றினால் சொல், இல்லையென்றால் வேண்டாம். அன்றைக்குக் கேட்டதை மட்டும் இன்னொரு தடவை கேள். என் பதில் வா என்பதுதான். எத்தனை நாள் என்றும் கேட்க மாட்டேன். பங்காளிகளுக்குப் பதில் சொல்வது என் பாடு.

பெரிய கார்த்திகை வருகிறது. அன்றிலிருந்து ஆத்தா தினம் ஒரு இழையாகக் கோடி வேட்டியிலிருந்து எடுத்துச் சேர்த்துவிடுவாள். இருபத்தோராம் நாள் பிள்ளையார் நோன்பு. போன வருஷம் அந்த இழைத் திரி வைத்து உனக்கென்று பிடித்த மாவைக் கடைசியில் நான்தான் எடுத்துக்கொண்டேன், யாரும் பேசவில்லை. இந்த வருஷம் அதற்குள் வர முடிந்தால் வா. முடியாவிட்டால் வளவில் போனை நிறுத்தி வைக்கிறேன், முகம் காட்டு. எப்படி இருந்தாலும் சரி, காட்டு.

சிங்கப்பூர் வழியாக வந்தால் திருச்சியில் இறங்கு. அங்கிருந்து இரண்டு மணி நேரம்தான், நானே காரோடு வந்து நிற்பேன். எந்த நேரமானாலும் வருவேன். டிக்கெட்டுக்குப் பாங்கில் கிடக்கிறதை அனுப்பட்டுமா என்று ஒரு வரி போடு. பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டாயா?

வைஃபை பாஸ்வேர்டு கொல்லையில் நின்ற சிவப்புப் பசுவின் பெயர், பின்னால் அது கன்று போட்ட வருடம். ஆத்தாளுக்கு வருடம் ஞாபகம் இல்லை. உனக்கு இருக்கும்.

அன்புள்ள
அப்பச்சி