எடை மெஷினும் சந்தா பாக்கியும்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, பைபோலார் நோயோடு வாழும் நம் உறுப்பினர்களே, குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

மார்ச் 30, உலக பைபோலார் தினத்தன்று சத்துவாச்சாரியில் கூட்டம் நடந்தது. அக்டோபர் 10, உலக மனநல நாளில் காட்பாடியில் துண்டறிக்கை கொடுத்தோம். அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416 அதில் பெரிதாக அச்சிடப்பட்டது. மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. மழையால் ஒன்று தள்ளிப்போனது.

இனி எடை விஷயம்.

"இது மனநலச் சங்கமா, உடம்பு இளைக்க வைக்கிற சங்கமா?" என்று போன பொதுக்குழுவில் ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பதிலை எழுத்தில் வைப்பது என் கடமை. நம் வீடுகளில் மாத்திரை நின்றுபோவதற்கு எடை ஒரு பெரிய காரணம். ஓலன்சபின் தொடங்கிய சில மாதங்களில் பழைய சட்டை நுழையாமல் போகிறது. வால்ப்ரோயேட், குவெட்டியாபின், லித்தியம் ஆகியவையும் பலருக்கு எடை கூட்டும். கல்யாணப் பேச்சு நடக்கும் பெண் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் மாத்திரையைக் குப்பையில் போடுகிறாள். மருந்து நின்றால் நோய் திரும்பிவிடுகிறது. பிறகு நடு இரவில் ஆட்டோ பிடித்து ஓடுவது அப்பா அம்மாதான். ஆகவே எடை நம் சங்கத்தின் வேலைதான்.

மருந்தை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. அரிப்பிப்ரசோல், லாமோட்ரிஜின் போன்றவை அவ்வளவாக எடை கூட்டுவதில்லை, ஆனால் எல்லோருக்கும் பொருந்தா. சிலருக்கு மெட்ஃபார்மின் எழுதித் தருகிறார்கள். அதைப் பக்கத்து வீட்டுச் சர்க்கரை நோயாளியிடம் வாங்கி விழுங்கிய உறுப்பினர் இந்த அறையில்தான் இருக்கிறார், பெயர் சொல்லவில்லை. லித்தியம் சாப்பிடுகிறவர்கள் தைராய்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அது மந்தமானாலும் எடை ஏறும்.

நிர்வாகக் குழு ஏகமனதாக ஒப்புக்கொண்டபடி ஞாயிறு தோறும் காலை ஆறரைக்கு வேலூர்க் கோட்டைக்குள் நடை வைத்தோம். ஐந்து மணிக்கு வைக்கச் சொன்னவர்களுக்கு அப்போதே சொன்னேன், நம்மவர்களுக்குத் தூக்கம் குறைந்தால் அதுவே ஏற்றத்தை, அதாவது மனம் அளவுமீறிப் பரபரக்கும் நிலையை, கிளப்பிவிடும். இறக்கத்தில், அதாவது மனச்சோர்வில், இருப்பவர் வாசலில் இருந்து தெருமுனை வரை வந்தாலே நடைக் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். இதற்கு நேர்மாறாக ஒரு தம்பி. கோட்டை போதவில்லை என்று பாலாற்றுப் பாலம் தாண்டிக் காங்கேயநல்லூர் வரை நடக்க ஆரம்பித்தார். எடை மளமளவென்று இறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் அவர் அண்ணியிடம் ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்று கேட்டேன். மறுநாளே மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். நம்மவர் எடை சட்டென்று குறைந்தால் அது ஏற்றத்தின் அறிகுறியாக இருக்கலாம்; முதலில் தூக்கத்தை விசாரியுங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் நடையை மாலைக்கு மாற்றியதைக் குறை சொன்னார்கள். வேலூர் வெயிலை நான் விளக்க வேண்டியதில்லை. வியர்த்து நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறும், அது ஆபத்து. அதேபோல் வீடியோ பார்த்துவிட்டு உப்பைத் திடீரென்று நிறுத்துவதும், பட்டினி கிடப்பதும் கூடாது. கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். லித்தியத்தால் வரும் தாகத்துக்குக் கலர் குடித்தால் எடை வேறு ஏறும். தண்ணீர் குடியுங்கள், மோர் குடியுங்கள். ராத்திரி பத்து மணிப் பசி மாத்திரையின் வேலை, பிள்ளையின் பேராசை அல்ல; திட்டாமல் முறுக்கு டப்பாவை வீட்டில் வைக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. களியும் கீரையும் நம் ஊர்ச் சாப்பாடுதானே. ஆனால் களி உருண்டைக்கும் அளவு உண்டு.

கூட்டத்தில் ஜாங்கிரி, மிக்சருக்குப் பதில் சுண்டல் கொடுத்ததைக் கண்டித்து எழுத்து மூலம் புகார் வந்திருக்கிறது. கோப்பில் வைத்துவிட்டேன்.

எடை மெஷின் வீண் செலவு என்பவர்கள் கவனிக்கவும்: அதோடு வாங்கிய தையல்காரர் டேப்தான் முக்கியம். இடுப்பு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் சர்க்கரையும் கொழுப்பும் சோதிக்க வேண்டும். "இவ்வளவு பாடுபட்டும் இரண்டு மூன்று கிலோதானா?" என்று பொருளாளர் கேட்டார். அமெரிக்காவின் மேரிலாந்தில் பைபோலார் உள்ளிட்ட கடும் மனநோய் உள்ள 291 பேரை வைத்துச் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், உணவு ஆலோசனையும் கூட்டு உடற்பயிற்சியும் பெற்றவர்களுக்கும் மற்றவர்களுக்கும் 18 மாத முடிவில் இருந்த வித்தியாசம் சராசரியாக 3.2 கிலோதான். ஆனால் அங்கே எடை மெல்ல மெல்லத் தொடர்ந்து இறங்கியது. மாதச் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்களை வைத்து அவர்கள் செய்ததை நாம் ஒரு மெஷினையும் என் பழைய ஸ்கூட்டரையும் வைத்துச் செய்கிறோம்.

வருகையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தீர்மானத்துக்குக் கை தூக்கிய நிர்வாகிகளில் பலரைக் கோட்டைப் பக்கம் பார்க்கவே இல்லை. பனி, கல்யாணம், முட்டி வலி என்றார்கள். ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி படியேறிய முட்டிகள்தான் அவை. நோயுள்ள உறுப்பினர்கள் தவறாமல் வந்தார்கள். அழைத்துவர வேண்டிய குடும்பத்தார்தான் வரவில்லை. வீட்டில் எல்லோரும் ஒன்றைச் சாப்பிட்டு, ஒருவரை மட்டும் வேறு சாப்பிடச் சொன்னால் அது எத்தனை நாள் நடக்கும்?

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வரவும் செலவும் கிட்டத்தட்டச் சரியாக இருக்கின்றன, கையிருப்பு சொற்பம். அச்சகத்துக்குக் கொஞ்சம் பாக்கி. சந்தா பாக்கி உள்ளவர்களின் பட்டியல் தயாராக உள்ளது; வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் இந்த முறை மட்டும் வாசிக்கவில்லை.

பேசவந்த மருத்துவர்கள், செவிலியர்கள், இடம் தந்தவர்கள், சுண்டல் அவித்த சகோதரிகள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு வாரம் இரு நாள் நடையும், குடும்பத்தாருக்கு ஒரு சமையல் வகுப்பும் வைக்க ஆசை. என் உடம்பு ஒத்துழைக்குமா தெரியவில்லை. பொறுப்பை யாராவது ஏற்றால் மெஷினையும் நோட்டையும் இன்றே ஒப்படைக்கிறேன். யாரும் வராவிட்டால் ஞாயிறு ஆறரைக்கு நான் கோட்டை வாசலில் இருப்பேன். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு கதவருகே உட்கார்ந்திருக்கிறார். போகும்போது அவரைப் பார்த்துவிட்டுப் போகவும்.

இங்ஙனம்,
செயலாளர்
வேலூர்