தொண்டையையும் ஒரு பாடமாக எடுங்கள்: யாழ் மாவட்ட விஞ்ஞான ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான ஆசிரியர்களே, வணக்கம்.

31 வருடம் சாதாரண தர விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். என் வகுப்பில் நான் விட்ட ஒரு குறையை உங்கள் வகுப்புகளில் நீங்கள் திருத்தவேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

போன வருடம் நல்லூர்த் திருவிழா நேரம். கோயிலால் வந்து விறாந்தையில் இருந்து கச்சான் (நிலக்கடலை) உடைத்துக்கொண்டிருந்தோம். இரண்டரை வயதுப் பேரன் என் மடியில். நான்தான் இரண்டு பருப்பை அவன் கையில் வைத்தேன். தமையன் ஏதோ பகிடி விட, இவன் வாயில் கச்சானோடு கெக்கட்டம் விட்டுச் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. இருமலும் இல்லை, அழுகையும் இல்லை. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. உதடு நாவற்பழ நிறத்துக்கு மாறத் தொடங்கியது.

"புரைக்கேறிட்டுது, ஆரோ நினைக்கினம்" என்று அக்கா அவன் உச்சந்தலையில் தட்டினா. நான் தண்ணீர் எடுக்கக் குசினிக்கு ஓடினேன். மூச்சுக்குழல்வாய்மூடியைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் கீறக்கூடிய நான், தண்ணீர் எடுக்க ஓடினேன். பக்கத்து வீட்டுத் தாதிப் பிள்ளைதான் ஓடி வந்து, அவனைத் தன் தொடையில் குப்புறச் சாய்த்து, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கை அடியால் ஓங்கி அடித்தா. நாலாவது அடியில் அரைக் கச்சான் ஒன்று எச்சிலோடு சீமெந்து நிலத்தில் விழுந்தது. பிறகு அவன் வீரிட்டு அழுதான். எனக்கு உயிர் வந்தது.

சுவாசத் தொகுதி ஒரு அலகு, சமிபாட்டுத் தொகுதி இன்னொரு அலகு. ஒன்றை மூக்கில் தொடங்கிச் சுவாசப்பையின் சிற்றறையில் முடிப்போம். மற்றதை வாயில் தொடங்கிக் குதத்தில் முடிப்போம். இரண்டிலும் 'தொண்டை' வரும். பிள்ளைகள் அதை இரண்டு தரம் பாடமாக்குவார்கள். இரண்டும் ஒரே இடம்தான் என்று காட்ட நான் ஒருநாளும் ஐந்து நிமிடம் ஒதுக்கவில்லை.

மூக்கு மேலே இருக்கிறது, ஆனால் காற்றுப் போகவேண்டிய வாதனாளி (மூச்சுக்குழாய்) முன்பக்கம். வாய் முன்னே இருக்கிறது, ஆனால் சோறு போகவேண்டிய களம் (உணவுக்குழாய்) பின்பக்கம். ஆகவே காற்றும் சோறும் தொண்டையில் குறுக்கே கடந்தே ஆகவேண்டும். விழுங்கும் கணத்தில் மெல்லண்ணம் (வாய்க்கூரையின் மெத்தென்ற பின்பகுதி) எழுந்து மூக்குப் பக்கத்தை அடைக்கும், குரல்வளை மேலே ஏறும், குரல்நாண்கள் நெருங்கி மூடும், மூச்சுக்குழல்வாய்மூடி சரியும், மூச்சு நிற்கும். றெயில் போய் முடியும்வரை கேற் பூட்டியிருக்கிற மாதிரி. தொண்டையில் விரலை வைத்து எச்சில் விழுங்கச் சொல்லுங்கள், குரல்வளை ஏறி இறங்குவது ஒவ்வொரு பிள்ளையின் விரலுக்கும் தெரியும். சிரிக்கும்போது நாம் காற்றை வெடுக்கென்று உள்ளே இழுக்கிறோம். அந்த நேரம் கேற் திறந்திருக்கிறது.

சின்னப் பிள்ளைக்கு நிலைமை இன்னும் மோசம். கச்சானை அரைக்கும் கடைவாய்ப்பற்கள் முழுதாக முளைத்திருக்காது. வளர்ந்தவரின் வாதனாளி ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் அகலம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது தன் சின்னிவிரல் தடிப்புக்குத்தான் இருக்கும். வளர்ந்தவர்களில் உள்ளே போன பொருள் பெரும்பாலும் வலது சுவாசப்பைக்குப் போகும் கிளையில் இறங்கும், அந்தப் பக்கக் குழாய் அகலமானது, நிமிர்ந்தது. கச்சான் எக்ஸ்ரே படத்தில் தெரியாது. உள்ளே தங்கினால் அதன் எண்ணெய் குழாயின் சுவரை வீங்கவைக்கும். நாட்கணக்கில் இழுப்புப் போல இருந்து, பிறகுதான் பிடிபடும் பிள்ளைகளும் உண்டு.

இதையெல்லாம் ஆட்டுச் சுவாசப்பையை வைத்தே படிப்பிக்கலாம். குரல்வளையோடு சேர்த்து வெட்டித் தரச் சொன்னால் இறைச்சிக் கடையில் தருவார்கள். வாதனாளியின் கசியிழைய (குருத்தெலும்பு) வளையங்கள் பின்பக்கம் மூடாமல் 'ப' வடிவில் நிற்பதை விரலால் தடவிப் பார்க்கலாம், அந்த மெத்தென்ற பக்கத்தில்தான் களம் ஒட்டியிருக்கிறது. வாதனாளிக்குள் ஒரு குழாயைச் செருகிச் சைக்கிள் பம்பால் அடித்தால், வாடிக் கிடந்த கருஞ்சிவப்புத் துண்டு இளஞ்சிவப்பாகி மேசையில் எழும்பும். கையை எடுத்தால் தானே சுருங்கும். (சைவ வீட்டுப் பிள்ளைகளை வற்புறுத்தவேண்டாம், முதலில் கேளுங்கள்.)

அடுத்தது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் தகடான பிரிமென்றகடு. அது இறங்கினால் மூச்சு உள்ளே, ஏறினால் வெளியே என்று எழுதுகிறார்கள். சரி. அப்படியானால் தொப்புளுக்கு மேலே கையை வைத்து உள்ளுக்கும் மேலுக்குமாக அமுக்கினால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். சுவாசப்பையில் மிஞ்சியிருக்கும் காற்று அடைப்பைத் தள்ளிக்கொண்டு வரும் என்று யாரோ ஒரு பிள்ளை சொல்லும். ஹைம்லிச் என்ற அமெரிக்க மருத்துவர் 1974 இல் வெளியிட்ட முறை இதுதான். பிள்ளை பலமாக இருமினால் இருமவிடவேண்டும். சத்தம் வராவிட்டால் முதுகில் ஐந்து அடி, பிறகு வயிற்றில் ஐந்து அமுக்கம், மாறி மாறி. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அமுக்கவே கூடாது, ஈரல் காயப்படும். முதுகில் அடித்தபின் நெஞ்சின் நடுவில் அமுக்கவேண்டும். தண்ணீர் கொடுக்கக்கூடாது, தெரியாமல் விரலை விட்டுத் துழாவவும் கூடாது. இன்னொருவர் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்கவேண்டும். வயிற்றை அமுக்கியிருந்தால், பொருள் வெளியே வந்தாலும் பிள்ளையை வைத்தியரிடம் காட்டவேண்டும்.

தமிழில் சொல்லிக்கொடுக்கச் சொற்கள் இல்லை என்று நாங்கள் சொல்லமுடியாது. 1847 இல் இங்கே வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு உடற்கூற்றியலைத் தமிழில் அச்சாக்கியவர். பிற்காலத்தில் மருத்துவத்தையே தமிழில் படிப்பித்தவர். அந்த மண்ணில் இருந்துகொண்டு பிள்ளைகளைப் பெயர் எழுதவும் படம் கீறவும் மட்டும் பழக்கி அனுப்புவது எனக்குப் பொறுக்கவில்லை.

அலகுகளின் ஒழுங்கை மாற்றச் சொல்லவில்லை. இரண்டு அலகும் முடிந்த கையோடு இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். ஒன்றில் தலையும் கழுத்தும் பக்கவாட்டில் தெரியும் ஒரே படத்தில் காற்றுக்கு நீலம், சோற்றுக்குச் சிவப்பு என்று இரண்டு வழியையும் கீறுங்கள். மற்றதில் பயிற்சி பெற்ற ஒரு தாதியைக் கூப்பிட்டு, பொம்மையில் செய்து காட்டச் சொல்லுங்கள். ஒருவர்மேல் ஒருவர் செய்து பழகவிடாதீர்கள். திருவிழாவுக்கு முந்தின தவணையில் செய்தால் நல்லது, கச்சான் கடைகள் வரமுன்.

கோண்டாவிலுக்கு அண்டிய பள்ளிக்கூடங்கள் எதுவென்றாலும் சொல்லி அனுப்புங்கள். சுவாசப்பையும் சைக்கிள் பம்பும் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
கோண்டாவில்