ஜூலை 10-க்கு ஒரு வரி போதாது

சத்துவாச்சாரி,
ஜூன் 20

அன்புள்ள மச்சான்,

பதில் தள்ளிப்போனதற்கு மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அக்காவைக் கேட்டதாகச் சொல்.

பள்ளிக்கூடப் பலகைக்கு நீ நாள்வாரியாக எழுதிய வரலாற்று வாசகங்களைப் படித்தேன். ஜனவரி 14-க்கு 1969-ல் ‘தமிழ்நாடு’ பெயர் நடைமுறைக்கு வந்ததைச் சேர்த்திருக்கிறாய், அருமை. ஜூலை 10-க்கு மட்டும் ‘1806-ல் தொப்பிக்காக வேலூர்ச் சிப்பாய்கள் கலகம்’ என்று முடித்துவிட்டாயே! நம்ம கணக்கு வாத்தியார் இருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பார்.

வெறும் தொப்பியா அது? 1805 நவம்பரில் கும்பினிப் படையின் சிப்பாய்களுக்கு வந்த உத்தரவில் நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் இலச்சினை வைத்த புதுத் தலைப்பாகைதான் கட்ட வேண்டும் என்று இருந்தது. இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒன்றாக விழுந்த அடி. மே மாதமே மறுத்தவர்களுக்குக் கசையடி கொடுத்தாகிவிட்டது. மைசூர் திப்பு சுல்தானின் பிள்ளைகளையும் அதே வேலூர்க் கோட்டைக்குள் காவலில் வைத்திருந்தார்கள். ஜூலை 9 அன்று திப்பு மகளின் கல்யாணம். மறுநாள் காலையில் கவாத்து என்பதால், வெளியே குடியிருந்த சிப்பாய்களும் அன்றிரவு உள்ளேயே படுத்தார்கள். நாள் அமைந்தது இப்படித்தான். இதைப் பலகையில் கட்டாயம் போடு.

அடுத்து, நேரத்தைப் பிரித்து எழுது. பிள்ளைகளுக்கு அப்போதுதான் பிடிபடும். விடியலுக்கு முன், இரண்டு மூன்று மணிவாக்கில் சுடத் தொடங்கினார்கள். 69-ஆம் படைப்பிரிவு வெள்ளையர்கள் தூக்கத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் செத்தார். திப்புவின் புலிக்கோட்டுக் கொடி ஏறியது. கோட்டையே கையில்!

அங்கேதான் சறுக்கியது, மச்சான். பலர் கொள்ளையில் இறங்கினார்கள். வாசலுக்கு மேலிருந்த மதிலைப் பிடித்துவைக்க யாரும் நிற்கவில்லை. தப்பிய வெள்ளையர்கள் அங்கே ஏறிக்கொண்டார்கள். வெளியே இருந்த மேஜர் கூட்ஸ் ஆற்காட்டுக்கு ஆள் விரட்டினார். தூரம் 25 கிலோமீட்டர்தான். எட்டு ஒன்பது மணிவாக்கில் ஜில்லஸ்பி குதிரைப்படையோடு வந்தபோது, மேலே இருந்தவர்களே அவரைக் கயிறு போட்டு மதிலுக்கு இழுத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த பீரங்கி கதவைப் பெயர்த்தது. அந்த ஒரு மதிலைக் காத்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

எண்களில் கவனம். வெள்ளையர் தரப்பில் செத்தது 14 அதிகாரிகள், 69-ஆம் படைப்பிரிவில் 115 பேர். சிப்பாய்கள் சாவுக்கு 350 என்றும் 800 என்றும் புத்தகத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒன்றை மட்டும் எழுதாதே, இரண்டையும் போடு. அரண்மனைக்குள் ஒளிந்த ஏறத்தாழ நூறு பேரை வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டதை விட்டுவிடாதே. விசாரணைக்குப் பிறகு 6 பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள், 5 பேரைச் சுட்டார்கள், 8 பேரைத் தூக்கிலிட்டார்கள். மறு ஆண்டே சென்னை கவர்னர் பெண்டிங்கும் சென்னைப் படையின் தலைமைத் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

‘முதல் சுதந்திரப் போர்’ என்று பட்டம் போடுவதற்குப் பதில் ‘1857-க்கு 51 ஆண்டு முன்பு’ என்று எழுது. அதற்கு முன்பே வெள்ளையரை எதிர்த்த பூலித்தேவன் பெயரைச் சொல்லி ஒருத்தரும் உன்னிடம் சண்டைக்கு வர முடியாது.

பிள்ளைகளை வேலூர் மக்கானில் இருக்கும் கலக நினைவுத் தூணோடு திருப்பி அனுப்பிவிடாதே. கோட்டை வாசலில் நிறுத்தி, மேலே அந்த மதிலைக் காட்டு. திருத்திய தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு அனுப்பு.

உன்,
மச்சான்