நடைப்பயிற்சி முகாமில் ஈறையும் பாருங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு,

வணக்கம். 2023 நவம்பர் 4 அன்று ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தை மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் பாதையோடு தொடங்கினீர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே முகாம் போட்டு, நடக்க வருபவர்களுக்குச் சர்க்கரையும் பிரஷரும் பார்ப்பது மிக நல்ல ஏற்பாடு. அந்த முகாமில் ஒரு பல் மருத்துவரையும் உட்கார வையுங்கள்.

நடைக்கும் பல்லுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஈறு நோயில், கிருமியை எதிர்த்து உடம்பு கிளப்பும் அழற்சி அடங்காமல் நீடிக்கும். எலும்பைக் கரைக்கும் செல்களை அது தூண்டிவிட, பல்லைத் தாங்கும் தாடை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். தொடர்ந்து நடப்பவர்களுக்கு உடம்பில் அழற்சி குறைகிறது, இன்சுலினும் நன்றாக வேலை செய்கிறது. அமெரிக்காவில் மருத்துவத் துறையைச் சேர்ந்த ஆண்களிடம் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், உடலை அதிகம் இயக்கியவர்களுக்கு ஈறு நோய் வரும் வாய்ப்பு 13 சதவீதம் குறைவாக இருந்தது.

ஆனால் நடப்பதால் பல்லில் படிந்த காரை உதிராது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அங்குள்ள பல் மருத்துவப் பிரிவுக்கு வந்த வீரர்களில் சுமார் 300 பேரைப் பரிசோதித்தபோது, முக்கால்வாசிப் பேருக்கு ஈறு வீக்கம் இருந்தது. அவர்களுக்கே அப்படி என்றால், என் அப்பாவைப் போலச் சர்க்கரையோடு நடப்பவர்களை நினைத்துப் பாருங்கள். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. ஈறுக்கு முறையாகச் சிகிச்சை செய்தால் மூன்று, நான்கு மாதங்களில் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு சுமார் 0.4 சதவீதப் புள்ளி குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இருந்தும் அப்பாவை வாயைத் திறந்து காட்டச் சொன்னவர் யாருமில்லை.

வலி இல்லாததால் ஈறு நோயை யாரும் பொருட்படுத்துவதில்லை. புகைப்பவர்களுக்கு ரத்தம்கூட அவ்வளவாக வராது. ‘க்ளீன் பண்ணினால் பல் ஆடிவிடும்’ என்ற பயம் வேறு. பல் ஆடுவது எலும்பு ஏற்கெனவே கரைந்ததால்தான். அதுவரை காரை அதை மறைத்து வைத்திருக்கும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. இதை முகாமில் ஒரு மருத்துவர் நேரில் சொன்னால் மக்கள் கேட்பார்கள்.

அப்புறம், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை கொடுக்க வீட்டுக்கே வரும் தன்னார்வலர்கள் இரண்டு கேள்வி கேட்கட்டும்: பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறதா? பல் ஆடுகிறதா? ஆம் என்பவர்களுக்கு அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சர்க்கரை நோயாளி ஒருவரின் மகள்