தொட்டி வாங்கும்போது உயரத்தையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு வீட்டுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர்த் தொட்டி வேண்டும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆளுக்கு இவ்வளவு, துணி துவைக்க இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டியது எல்லோருக்கும் பயன்படும். ஆனால் இருக்கிற தொட்டி போதவில்லை என்றால் இன்னொன்றை வாங்கி இணைத்துக்கொள்ளலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். தக்கலை, கருங்கல், திங்கள்சந்தை பக்கம் குழாய் வேலை செய்கிறவன் நான். என்னைக் கூப்பிடுகிற வீடுகளில் தகராறு பெரும்பாலும் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது குமரி மாவட்டம் முழுக்க மின்கம்பங்கள் சாய்ந்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். கிணற்றில் தண்ணீர் இருந்தும் மோட்டார் ஓடவில்லை. அதற்குப் பிறகு எங்கள் பக்கம் பல வீடுகளின் மொட்டை மாடியில் இரண்டாவது தொட்டி ஏறியது. நல்ல காரியம்தான். ஆனால் பழைய தொட்டி ஆயிரம் லிட்டர் என்றால், புதியது கடையில் அன்றைக்கு இருந்த ஐந்நூறோ எழுநூற்றைம்பதோ ஆக இருக்கும். மாடிப்படி குறுகலாக இருப்பதால் சின்னதாக வாங்கியவர்களும் உண்டு. இரண்டையும் ஒரே தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடியில் ஒரு குழாயைப் போட்டு இணைத்துவிடுகிறார்கள்.

கருங்கல் பக்கம் ஒரு வீட்டு அக்கா கேட்டார்: "தம்பி, டேங்கு நெறஞ்சு வழியுது. பெறவு ஏன் சாயங்காலமே வெள்ளம் தீருது?" மேலே ஏறிப் பார்த்தேன். சின்னத் தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக் கைப்பிடிச் சுவரெல்லாம் பாசி பிடித்திருந்தது. பெரிய தொட்டியின் மூடியைத் திறந்தால் மேலே ஓரடிக்கு உட்சுவர் காய்ந்து கிடக்கிறது. தண்ணீர் அந்த உயரத்தை ஒருநாளும் தொட்டதில்லை என்பதற்கு, கீழே வளையமாகப் படிந்திருந்த செம்மண் கோடே சாட்சி.

கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் டியூப்பை நினைத்துக்கொண்டால் இது புரிந்துவிடும். ஒரு முனையை எங்கே பிடித்தாலும் மறுமுனையிலும் தண்ணீர் அதே மட்டத்தில்தான் நிற்கும். தொட்டி அகலமா, ஒடுக்கமா, எத்தனை லிட்டர் என்றெல்லாம் தண்ணீர் பார்ப்பதில்லை. அடியில் இணைத்துவிட்டால் இரண்டிலும் ஒரே மட்டம்தான். பெரியது நாலடி உயரம், சின்னது மூன்றடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றடி ஏறியதும் சின்னது வழியத் தொடங்கும். பெரியதின் மேல் ஓரடி காலியாகவே இருக்கும். ஆயிரத்தில் கால் பங்கு, 250 லிட்டர். சின்னது ஐந்நூறு லிட்டர் என்றால், அதற்குக் கொடுத்த பணத்தில் பாதி இப்படிக் காற்றில் போகிறது.

செய்ய வேண்டியது ஒன்றுதான். இரண்டின் வாய்மட்டத்தையும் சமமாக வைக்க வேண்டும். அடிமட்டம் முன்னே பின்னே இருக்கலாம். குட்டைத் தொட்டியின் கீழே அந்த ஓரடிக்குச் செங்கல் கட்டி, மேலே சிலாப் போட்டு, அதன்மேல் தொட்டியை வையுங்கள். பிளாஸ்டிக் தொட்டிக்கு அடிப்பாகம் முழுவதும் பதிந்து உட்கார இடம் வேண்டும். நாலு மூலைக்கு நாலு கல்லை வைத்தால் நாளாவட்டத்தில் அடி விரிசல் விட்டுவிடும். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி மாதிரிக் கடலோர ஊர்களில் இரும்பு ஸ்டாண்டு வேண்டாம், உப்புக்காற்று அதைத் தின்றுவிடும்.

இப்படி உயர்த்தியபின் வீட்டுக்கு இறங்கும் குழாயைப் பெரிய தொட்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதன் அடிதானே தாழ்வாக இருக்கிறது. சின்னதிலிருந்து எடுத்தால் பெரியதின் கடைசி ஓரடித் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் கிடந்துவிடும். மேலே மிச்சப்படுத்திய 250 லிட்டரைக் கீழே தொலைத்த கதையாகும். அதேபோல மோட்டார் தண்ணீரைச் சின்னதில் விடுங்கள். ஒன்றில் விழுந்து, மற்றதன் வழியாக இறங்கினால் இரண்டிலும் தண்ணீர் ஓட்டமாக இருக்கும். ஒரே தொட்டியில் விட்டு அதிலிருந்தே எடுத்தால், ஓரமாகக் கிடக்கும் மற்றதில் தண்ணீர் தேங்கி வாடை வரும். போட்ட பிளீச்சிங் பவுடரின் வேகமும் அதில் போய்விடும்.

அப்புறம், இணைப்புக் குழாயின் அளவு. இதில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் குழாயில் இணைத்த வீடுகளைப் பார்க்கிறேன். மோட்டார் ஒரு இஞ்ச் குழாயில் தள்ளுகிற வேகத்துக்கு அந்தச் சந்து வழியாகத் தண்ணீர் அடுத்த தொட்டிக்குப் போய்ச் சேராது. பெரியது நிறையும் முன்பே சின்னது வழியும். வீட்டுக்காரர் மோட்டாரை அணைப்பார், மட்டம் இறங்கும், மறுபடி போடுவார். குழாயின் விட்டம் இரண்டு மடங்கானால் தண்ணீர் போகிற இடம் நாலு மடங்காகும். ஒன்றரை இஞ்ச், முடிந்தால் இரண்டு இஞ்ச் போடுங்கள். அந்தக் குழாயின் நடுவில் ஒரு வால்வும், குழாயைக் கழற்றி மாட்ட ஒரு யூனியனும் இருக்கட்டும். மழைக்காலத்தில் கிணறு கலங்கித் தொட்டியில் சேறு படியும்போது, இரண்டையும் ஒன்றாகக் காலி செய்யாமல் ஒன்றை மட்டும் அடைத்துக் கழுவலாம். ஓவர்ஃப்ளோ இரண்டிலும் ஒரே மட்டத்தில், வலை கட்டி. கொசு முட்டையிட்டால் அடுத்தது டெங்குதான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கடற்கரை ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. குடிக்கிறதுக்குப் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரைத் தனித் தொட்டியில் பிடித்து வைப்பார்கள். இடம் இருக்கிறதே என்று இந்த இரண்டையும் இணைக்கவே இணைக்காதீர்கள். நடுவில் வால்வு இருக்கிறது என்று நம்பவும் வேண்டாம். வால்வு கொஞ்சம் கசிந்தால் போதும், காலையில் குடிதண்ணீர் உப்புக் கரிக்கும்.

எடையை மறந்துவிடுகிறார்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன். பழைய ஓட்டு வீட்டின் பின்னால் குளியலறைக்கு மட்டும் போட்ட கான்கிரீட் தளத்தின் நடுவில் இரண்டு தொட்டிகளை ஏற்றக் கூடாது. சுவருக்கு மேலேயோ பீமுக்கு மேலேயோ வரும்படி வையுங்கள். சந்தேகமாக இருந்தால் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டிவிடுவது நல்லது.

ஏற்கெனவே இணைத்துவிட்டவர்கள் என்ன செய்ய? சின்னது வழியும் நேரத்தில் பெரியதைத் திறந்து, தண்ணீர் மட்டத்திலிருந்து அதன் ஓவர்ஃப்ளோ வரை ஒரு குச்சியால் அளந்து பாருங்கள். அந்த அளவுக்குத்தான் சின்னதை உயர்த்த வேண்டும். சின்னதில் ஃப்ளோட் வால்வு (நிறைந்ததும் மிதவை ஏறித் தானாக அடைக்கும் வால்வு) மாட்டினால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. ஃப்ளோட் வால்வு மேலிருந்து வருவதைத்தான் அடைக்கும். அடிக்குழாய் வழியாகப் பெரியதிலிருந்து ஏறி வரும் தண்ணீரை அது என்ன செய்யும்? உயர்த்தவே இடமில்லை என்றால், மோட்டார் லைனை இரண்டு தொட்டிக்கும் தனித்தனியாகப் பிரித்து, சின்னதில் ஃப்ளோட் வால்வு வைத்து, அதன் அடிக்குழாயில் தண்ணீர் திரும்பி ஏறாதபடி ஒரு என்.ஆர்.வி. வால்வு போட வேண்டும். செலவு கூடும், ஆனால் வேலை செய்யும்.

புதிதாக வாங்கப்போகிறவர்களுக்கு இந்தப் பாடே வேண்டாம். வீட்டில் இருக்கும் தொட்டியின் உயரத்தை டேப்பால் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். அதே உயரத்தில், அகலம் குறைந்ததாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கடைக்காரர்களும் விலைப்பலகையில் லிட்டருக்குப் பக்கத்தில் உயரத்தையும் எழுதிப் போட்டால் பெரிய உதவியாக இருக்கும். அடுத்த இதழில் இதற்கு ஒரு சின்னப் படம் போடுவீர்களா ஆசிரியரே? வாய்மட்டம் சமமாக இரண்டு தொட்டி, சின்னதில் விழும் குழாய், பெரியதிலிருந்து இறங்கும் குழாய், நடுவில் வால்வு, இவ்வளவு இருந்தால் போதும். படத்தை நான் வரைந்து அனுப்பவும் தயார்.

இப்படிக்கு,
குழாய் வேலை செய்யும் வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.